வேகத்துக்கு என்ன விலை?



இந்தப் பகுதியில் வழக்கமாக அரிசி, பருப்பு, பள்ளிச் செலவு, கல்யாணச் செலவு என்றுதான் கணக்குப் பார்ப்போம். இந்த முறை வந்திருப்பதோ எஞ்சின் கணக்கு. நிபோங் திபால் வட்டாரத் தோட்டத்திலிருந்து ஒரு தாயார் எழுதியிருக்கிறார். அவருடைய மகன் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறான். தகப்பனார் ஓட்டிய பழைய ஹோண்டா இ.எக்ஸ்.5 மோட்டார் சைக்கிளில்தான் தினமும் பத்து காவானுக்கு வந்து, இரண்டாவது பாலம் ஏறித் தீவுக்குப் போய்வருகிறான். வண்டி இழுக்கவில்லையாம். "பிளாக் மாற்றி, எஞ்சினைப் பெரிதாக்கணும், மூவாயிரம் வெள்ளி கொடும்மா" என்று ஒற்றைக் காலில் நிற்கிறானாம். தாயார் போட்டிருந்த கூட்டு தீபாவளிக்கு முன் கைக்கு வருகிறது. அதுவும் சரியாக மூவாயிரம். இளைய மகளின் பாலிடெக்னிக் செலவுக்கென்று மாதா மாதம் கட்டிய பணம் அது.

"ஐயா, இது அவசியமான செலவா, வயசுக் கோளாறா? எனக்கு மோட்டார் விஷயம் தெரியாது. அவன் சொல்லும்போது எல்லாம் நியாயமாகத்தான் இருக்கிறது" என்று கேட்கிறார்.

சகோதரி, எனக்கும் அரைகுறையாகத்தான் தெரியும். ஆகவே உங்கள் மகனையே ஒரு சனிக்கிழமை காலையில் ஜார்ஜ்டவுனுக்கு வரச் சொன்னேன். ஜாலான் டத்தோ கிராமாட் பக்கம் எனக்கு நெடுநாள் பழக்கமான மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. வண்டி வரும் சத்தத்தைக் கேட்டே நோயைச் சொல்லிவிடுவார். அவர் முன்னிலையில் கணக்கைப் போட்டுவிடலாம் என்பது என் எண்ணம்.

தம்பி வந்தான். நல்ல பையன், மரியாதையான பேச்சு. வண்டியின் பின்னால்தான் லேசாக நீலப் புகை.

"என்னா தம்பி, கொசு மருந்து அடிச்சுக்கிட்டே வர்றே?" என்றார் மெக்கானிக்.

"அதான் அங்கிள், இழுக்கலே. கூட்டாளிங்க எல்லாம் ஒய்15 வச்சிருக்காங்க. பாலத்துலே அவங்க போயிடுறாங்க, நான் பின்னாலே தனியா வர்றேன். 56 பிளாக் போடணும், 28 கார்புரேட்டர், ரேசிங் கேம், எக்ஸாஸ்..."

பையன் மனப்பாடம் செய்த மாதிரி அடுக்கிக்கொண்டே போனான். மெக்கானிக் ஒரு அட்டையைக் கிழித்து என்னிடம் நீட்டி, "சார், எழுதிக்குங்க" என்றார்.

அவர் சொன்ன விலைகளை அப்படியே தருகிறேன். கடைக்குக் கடை, சரக்குக்குச் சரக்கு இவை மாறும். 56 மில்லிமீட்டர் பிளாக், பிஸ்டன் 350 வெள்ளி. ஹெட்டைக் குடைந்து பெரிய வால்வு வைக்க 350. கேம் 150. கார்புரேட்டர் 200. தீப்பொறி நேரத்தை மாற்றும் சி.டி.ஐ. பெட்டி 120. கிளட்ச் தட்டும் ஸ்பிரிங்கும் 120. எக்ஸாஸ் 300. கூலி 250. கூட்டினால் 1,840 வெள்ளி.

"அவ்வளவுதானா? நான் மூவாயிரம்னு நெனச்சேன்" என்று பையன் முகம் மலர்ந்தது.

"இரு தம்பி, இன்னும் முடியலே" என்றார் அவர். எஞ்சின் பலம் கூடினால் அடியிலிருக்கும் கிராங்க் பேரிங் அதற்கு ஈடுகொடுக்காது. அதற்கு ஒரு 300. இ.எக்ஸ்.5-இல் முன்னும் பின்னும் டிரம் பிரேக். வேகத்தைக் கூட்டிவிட்டுப் பிரேக்கை அப்படியே விடக்கூடாது, முன்சக்கரத்துக்கு டிஸ்க் போட வேண்டும். மலிவாகப் பார்த்தாலும் 400. ஆக 2,540 வெள்ளி.

2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி. 26 நாளுக்கு வகுத்தால் ஒரு நாளைக்கு 65 வெள்ளி சொச்சம். அந்தக் கணக்கில் இந்த வேலைக்கு 39 நாள் உழைப்பு போகிறது. தோட்டத்தில் 39 நாள் என்றால் எத்தனை காலைப் பெரட்டு, எத்தனை மழை என்று இதைப் படிக்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இத்தனை பணம் கொடுத்தால் என்ன கிடைக்கும்? இந்த இடத்தில்தான் பையன்கள் ஏமாறுகிறார்கள். ஆகவே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

எஞ்சினின் அளவைச் சி.சி. என்கிறோம். பிஸ்டன் ஏறி இறங்கும் குழாயின் கொள்ளளவுதான் அது. இ.எக்ஸ்.5-இன் குழாய் அகலம் 50 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓடும் தூரம் 49.5 மில்லிமீட்டர். கணக்குப் போட்டால் 97 சி.சி. அகலத்தை 56 ஆக்கினால் 122 சி.சி. அகலம் கூடினது ஆறே மில்லிமீட்டர்தான், கொள்ளளவோ நூற்றுக்கு 25 கூடிவிட்டது. வட்டத்தின் கணக்கு அப்படி. அகலமான அண்டாவில் தண்ணீர் அதிகம் பிடிக்கிற மாதிரி.

கேம், கார்புரேட்டர், எக்ஸாஸ் எல்லாம் எஞ்சினின் மூச்சைச் சேர்ந்தவை. எஞ்சின் காற்றையும் பெட்ரோலையும் உள்ளே இழுக்கிறது, அமுக்குகிறது, எரிக்கிறது, வெளியே தள்ளுகிறது. வாயில் எவ்வளவு போகலாம் என்பது கார்புரேட்டரின் வேலை. வால்வு எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பது கேமின் வேலை. ரேசிங் கேம் வால்வை அதிக நேரம் திறந்து வைக்கிறது. வேகமாகச் சுற்றும்போது அதனால் லாபம் உண்டு. மெதுவாகப் போகும்போது உள்ளே வந்த காற்றே திரும்பி வெளியே போகும். வண்டி விக்கும், சிவப்பு விளக்கில் நின்றால் அணைந்துபோகும். பந்தயத் திடலில் சிவப்பு விளக்கு கிடையாது. ஜார்ஜ்டவுனில் மூலைக்கு ஒன்று இருக்கிறது.

சரி, 25 விழுக்காடு பலம் கூடியது என்றே வைத்துக்கொள்வோம். வேகமும் 25 விழுக்காடு கூடுமா? கூடாது. வேகமாகப் போகப் போகக் காற்று எதிர்த்துத் தள்ளுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் காற்றை எதிர்க்க எட்டு மடங்கு பலம் வேண்டும். இந்தக் கணக்கின்படி நூறு கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு 25 விழுக்காடு பலம் ஏற்றினால் அது 108-ஐக்கூட எட்டாது. எட்டுகிறது என்றே வையுங்கள். இரண்டாவது பாலம் 2014-இல் திறந்தது, நீளம் 24 கிலோமீட்டர். நூறில் போனால் 14 நிமிடம் சொச்சம், 108-இல் போனால் 13 நிமிடம் சொச்சம். மிச்சமாவது ஒரு நிமிடம். அதிலும் பாலத்தின் வேக வரம்பு 80-ஐத் தாண்டாது. சட்டப்படி ஓட்டினால் அந்த ஒரு நிமிடமும் இல்லை.

நான் இதை அட்டையின் பின்பக்கத்தில் போட்டுக் காட்டியபோது பையன் ஒன்றும் பேசவில்லை. ஆனால் அவன் பக்கத்திலும் நியாயம் உண்டு, அதை மறைக்கக் கூடாது. ஏற்றத்தில் காற்றின் தொல்லை குறைவு, பாரம்தான் பெரிது. ஆகவே கூடின பலம் அங்கே நன்றாகத் தெரியும். பாயா தெருபோங் மலைச்சாலையில் பின்னால் ஆள் வைத்து ஏறுகிறவனுக்கு 97-க்கும் 122-க்கும் உள்ள வித்தியாசம் கண்கூடு. அவன் போகும் வழியில் ஏற்றம் பாலத்து வளைவு ஒன்றுதான்.

பிறகு மெக்கானிக் அந்த நீலப் புகையைப் பற்றிக் கேட்டார். "எவ்வளவு நாளாச்சு தம்பி?"

"அப்பா ஓட்டும்போதே இருந்துச்சு அங்கிள்."

பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டையில் கடிகாரம் போன்ற ஒரு கருவியைத் திருகினார். பையன் நாலைந்து உதை உதைத்தான். முள் பாதிக்குமேல் ஏறவில்லை. ஓட்டைக்குள் சில சொட்டு எஞ்சின் எண்ணெய் விட்டு மறுபடி உதைக்கச் சொன்னார். முள் ஜம்மென்று ஏறியது. "பாத்தியா? ரிங் தேஞ்சு போச்சு. எண்ணெய் போய் அந்த இடுக்கை அடைச்சதும் காத்து நிக்குது. ஏறலேன்னா வால்வு கோளாறுன்னு அர்த்தம். தம்பி, உன் மோட்டாரு 97 சி.சி.யே இல்லே. அறுபது எழுபதுக்குள்ள பலம்தான் இப்ப அதுலே இருக்கு."

இந்தச் சோதனையை எந்தப் பட்டறையிலும் செய்வார்கள். பிளாக் மாற்றும் பேச்சு வருமுன் முதலில் இதைச் செய்யச் சொல்லுங்கள்.

தேய்ந்த எஞ்சினுக்கு வைத்தியம் வேறு. குழாயை அரை மில்லிமீட்டர் கடைந்து, அதற்கேற்ற பிஸ்டன் போடுவது. கடைய 50 வெள்ளி, பிஸ்டனும் ரிங்கும் 60, கேஸ்கெட்டும் எண்ணெயும் 45, தேய்ந்துபோன செயினும் பல்சக்கரமும் 75, கார்புரேட்டர் கழுவ 20, கூலி 120. மொத்தம் 370 வெள்ளி. அட்டையின் இரண்டு பக்கத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் 2,170.

இன்னும் மலிவான வழி ஒன்றும் உண்டு. சமதரையிலேயே ஓடும் வண்டிக்கு முன்பல்சக்கரத்தில் 14 பல்லுக்குப் பதில் 15 பல் போட்டால், அதே எஞ்சின் சுற்றுக்கு வண்டி நூற்றுக்கு 7 கூடுதலாக நகரும். எஞ்சின் கத்துவதும் குறையும். இருபது முப்பது வெள்ளிச் செலவு. ஏற்றத்தில் இழுவை குறையும் என்பதை மறக்கக் கூடாது. எஞ்சினே தேய்ந்த வண்டிக்கு இது உதவாது.

இந்த ஆசை பினாங்குக்குப் புதிதல்ல. இந்த நாட்டில் ஹோண்டா மோட்டார் சைக்கிள் கால் வைத்ததே இந்த ஊர்வழியாகத்தான். சீனாவிலிருந்து சிறுவனாகப் பினாங்கு வந்து, பஸ் கழுவி, மெக்கானிக் வேலை கற்று முன்னுக்கு வந்த லோ பூன் சியூதான் ஹோண்டாவின் முதல் ஏகபோக விநியோகஸ்தர். அவர் 1995-இல் காலமானார். ஜப்பானில் 1958-இல் வெளிவந்த சூப்பர் கப் என்ற 49 சி.சி. சின்ன வண்டிதான் நம் ஊரில் 'கப்சாய்' ஆயிற்று. சாய் என்றால் கான்டனீஸ் மொழியில் 'குட்டி'. குட்டிக் கப். பால்மரக் காட்டு மண் பாதையிலும், செம்பனை லாரி குழிபறித்த சாலையிலும், குடும்பமே ஏறிக்கொண்டாலும் அசராமல் ஓடிய வண்டி. 2017-இல் உலகம் முழுவதும் பத்துக் கோடியைத் தாண்டிவிட்டது அதன் உற்பத்தி. காரணம் வேகமல்ல. கெடாமல் ஓடும், கெட்டாலும் எந்த மூலையிலும் பழுது பார்க்கலாம்.

அதே ஹோண்டா பந்தயத்துக்கு வேறு எஞ்சின் செய்தது. 1966-இல் அவர்கள் ஓட்டிய 250 சி.சி. பந்தய வண்டிக்கு ஆறு சிலிண்டர். நிமிடத்துக்குப் பதினெட்டாயிரம் சுற்று. பந்தய எஞ்சினை அடிக்கடி பிரித்து உள்சாமான்களை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். வீட்டு எஞ்சின் ஆண்டுக்கணக்கில் ஓடுவதும், பந்தய எஞ்சின் ஒரு பொழுதுக்கு ஓடுவதும் அந்தந்த வேலைக்குத் தக்கபடிதான். தோட்டத்தாருக்கு இது புரியும். மறுநடவுக்கு முன்னால் கிழ ரப்பர் மரத்தின் பட்டையில் எத்ரல் மருந்து தடவி, கண்ட இடமெல்லாம் வெட்டிப் பால் எடுப்பார்களே, அப்போது வாளி நிறையும். அந்த மரம் எத்தனை நாளைக்கு என்பதும் வெட்டுகிறவருக்குத் தெரியும்.

ஒய்15 வைத்திருக்கும் தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் வண்டி 57 மில்லிமீட்டர் குழாய், 149.8 சி.சி. சாலை வரி 150 சி.சி. வரை ஆண்டுக்கு 2 வெள்ளி. 62 பிளாக் போட்டால் 177 சி.சி. ஆகிறது, வரி 30 வெள்ளிப் பிரிவுக்குப் போகிறது. 28 வெள்ளி பெரிதல்ல. ஆனால் கிராண்டில் 149 என்றும் எஞ்சினில் 177 என்றும் இருப்பதுதான் பிரச்சினை. 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின்கீழ் இப்படிப்பட்ட மாற்றத்துக்கு ஜே.பி.ஜே.யின் அனுமதி வேண்டும். காப்புறுதியும் கிராண்டில் உள்ள வண்டிக்குத்தான் எடுத்திருக்கிறீர்கள். விபத்து நடந்த பிறகு எஞ்சினைப் பிரித்துப் பார்த்தால், இழப்பீடு கேட்டுப் போகிறவர் கதி என்ன? புது வண்டியானால் உத்தரவாதமும் போகும். இதில் கார்புரேட்டர் இல்லை, பெட்ரோலை அளந்து விடுவது ஒரு கணினிப் பெட்டி. பிளாக்கை மட்டும் மாற்றி அந்தப் பெட்டியைத் திருத்தாமல் விட்டால் பெட்ரோல் போதாமல் எஞ்சின் கொதிக்கும். ரேசிங் பெட்டி, டைனோ உருளையில் ஓட்டிச் சரிபார்க்கும் கூலி இரண்டும் சேர்ந்தால் எளிதில் ஆயிரத்தைத் தொடும். அமுக்கம் கூட்டிய எஞ்சினுக்கு 95 பெட்ரோல் ஒத்துக்கொள்ளாமல் 97 ஊற்ற வேண்டிவரும். அதற்கு அரசாங்க உதவித்தொகை கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும்.

பழைய யமஹா ஆர்.எக்ஸ்.இஸட் வண்டிக்காரர்கள் வேறு சாதி. இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின், 133 சி.சி., 1985-இல் வந்தது. அதில் கேம் கிடையாது. குழாயின் சுவரில் உள்ள ஜன்னல்களைக் குடைந்துதான் வேகம் ஏற்ற வேண்டும். ஒரு மில்லிமீட்டர் கூடக் குடைந்துவிட்டால் திரும்ப வைக்க முடியாது. சிட்டி ஸ்டேடியம் பக்கத்து லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையில் இப்படிக் குடைந்து கெட்ட பிளாக்குகளை நான் பார்த்ததுண்டு.

கடைசியாக எக்ஸாஸ். 300 வெள்ளி கொடுத்து அதை மட்டும் மாற்றினால் கிடைப்பது பெரும்பாலும் சத்தம். வாகனச் சத்தத்துக்கென்றே 1987-இல் விதிகள் வந்துவிட்டன. சாலைத் தடுப்பில் அதிகாரி எஞ்சினைப் பிரித்துப் பார்க்க மாட்டார், எக்ஸாஸ் சத்தத்தைத் தூரத்திலேயே கேட்டுவிடுவார்.

மெக்கானிக் தன் பட்டறை அனுபவம் ஒன்றும் சொன்னார். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பையன் வேறெங்கோ பிளாக் மாற்றிக்கொண்டு, ஜூரு பக்கம் நெடுஞ்சாலையில் முறுக்கியிருக்கிறான். சூட்டில் பிஸ்டன் பருத்துக் குழாயோடு இறுகிவிட்டது. எஞ்சின் நின்றால் பின்சக்கரமும் பூட்டிக்கொள்ளும். பையன் பிழைத்தான், வலது கால் இன்றும் சரியாக மடங்காது. இதைச் சொன்னபோது அவர் குரலை உயர்த்தவில்லை. கையில் இருந்த பிஸ்டனைத் துணியால் துடைத்துக்கொண்டே சொன்னார்.

பையன் வெகுநேரம் கழித்துக் கேட்டான்: "அப்போ வேகமா ஓட்டணும்னு ஆசைப்படுறதே தப்பா அங்கிள்?"

தப்பில்லை. இந்த நாட்டில் 1994 முதல் கப் பிரிக்ஸ் என்று கப்சாய்களுக்கென்றே பந்தயம் நடந்து வருகிறது. 2012-இல் சிப்பாங்கில் மோட்டோ3 பந்தயத்தில் இரண்டாவதாக வந்த சுல்ஃபாமி கைருடின் அந்தப் பந்தயங்களில் வளர்ந்தவர். 2018-இல் மோட்டோ ஜி.பி. ஓட்டிய முதல் மலேசியர் ஹஃபிஸ் ஷாரினும் அப்படியே. தமிழ்நாட்டிலும் சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் ஓட்டிய காலம் போய், 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஓடுதிடலே வந்துவிட்டது. அங்கெல்லாம் எதிரே லாரி வராது, விழுந்தால் தூக்க ஆம்புலன்ஸ் நிற்கும். ஆசை அந்த அளவுக்கு இருந்தால் அதற்குத் தனி வண்டி, தனிப் பணம். அப்பாவின் வண்டியும் தங்கையின் கூட்டும் அதற்கு வேண்டாம் என்றேன். தங்கை பேச்சு வந்ததும் பையன் நிமிர்ந்து பார்த்தான். அந்தப் பணம் எதற்கென்று தாயார் அவனிடம் சொல்லவே இல்லையாம்! சகோதரி, இதை மட்டும் நீங்கள் முன்பே சொல்லியிருக்கலாம்.

வண்டியை அன்றைக்கே பட்டறையில் விட்டான். 370-ஐத் தன் சம்பளத்திலிருந்து இரண்டு தவணையில் கொடுப்பதாகப் பேச்சு. புதுப் பிஸ்டன் போட்டால் முதல் 500 கிலோமீட்டருக்கு முறுக்கக் கூடாது, அதன் பிறகு எண்ணெயை ஊற்றிவிட்டுப் புது எண்ணெய் மாற்ற வேண்டும். மெக்கானிக் இதை மூன்று முறை சொன்னார்.

சென்ற வாரம் தாயாரிடமிருந்து இரண்டாவது கடிதம். புகை நின்றுவிட்டதாம். பாலத்து வளைவில் நாலாவது கியரிலேயே ஏறுகிறதாம். கூட்டுப் பணம் மகள் பெயரில் வங்கிக்குப் போய்விட்டது. "ஆனால் ஐயா, போன ஞாயிற்றுக்கிழமை ஒரு பளபளப்பான எக்ஸாஸ் போட்டுக்கொண்டு வந்திருக்கிறான். கூட்டாளி பழசு, சும்மா கொடுத்தான் என்கிறான். லயத்தில் நாலு வீடு தள்ளியே அவன் வருவது தெரிகிறது" என்று எழுதியிருக்கிறார்.

சகோதரி, கழற்றிய பழைய எக்ஸாஸ் எங்கே இருக்கிறது என்று முதலில் விசாரியுங்கள். வீட்டுப் பின்னால் இருந்தால் இந்த வாரமே மாட்டச் சொல்லுங்கள், ஒரு மணி நேர வேலைதான். பழைய இரும்புக்காரரிடம் போட்டிருந்தால் உடனே எழுதுங்கள், லோரோங் கூலிட்டில் தேடிப் பார்க்கிறேன்.